நுரையீரல் புற்றுநோய்க்கான புது மாத்திரை, ஃபேஸ் 1 சோதனை: உள்ளே என்ன நடக்கிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோய். கீமோ, இம்யூனோதெரபி இரண்டும் கொடுத்தாகிவிட்டது, கட்டி மறுபடி வளர்கிறது. அமெரிக்காவில் தம்பி வீட்டில் இருக்கிறார். அங்குள்ள டாக்டர், கட்டியில் கேராஸ் ஜி12சி என்ற மரபணு மாற்றம் இருப்பதாகவும், ஒரு புது மாத்திரையின் ஃபேஸ் 1 சோதனையில் சேரலாம் என்றும் சொல்கிறார். எலிக்குக் கொடுத்துப் பார்ப்பது மாதிரி அப்பாவுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்களா? சேர்க்கலாமா, வேண்டாமா?

சேர்வதா இல்லையா என்பதை அப்பாவும் அவரை நேரில் பார்க்கும் டாக்டரும்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்க்காத நான் அதில் தலையிட முடியாது. புற்றுநோய் மருந்துச் சோதனைகளின் தரவுப் பக்கத்தில் பல வருடங்களாக வேலை பார்ப்பவன் என்பதால், ஃபேஸ் 1 என்றால் உள்ளே என்ன நடக்கும், டாக்டரிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

ஃபேஸ் 1 கேட்கும் முதல் கேள்வி, 'எவ்வளவு கொடுக்கலாம்?' என்பது. பலன் தருமா என்பது அதற்கு அடுத்த கேள்வி. குறிப்பிட்ட மரபணு மாற்றத்தை மட்டும் குறிவைக்கும் டார்கெட்டட் மருந்துகள் வந்த பிறகு இந்த இரண்டு கேள்விகளும் ஒரே சோதனைக்குள் வந்துவிட்டன. நோயாளிக்கு அதில் நன்மை உண்டு, முன்பைவிடப் பலன் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது. ஆனால் பலன் தெரிந்த சந்தோஷத்தில் 'எவ்வளவு?' என்ற முதல் கேள்வியைப் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் இருக்கும் அதே ஜி12சிக்காக வந்த முதல் மருந்தின் கதையே இதற்கு நல்ல உதாரணம். சோட்டோராசிப் என்று பெயர், சோதனையில் இருந்தபோது ஏஎம்ஜி 510 என்று அழைத்தார்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

கேராஸ் என்பது செல்லுக்குள் இருக்கும் ஒரு சிறிய புரதம். 'வளர், பிரி' என்ற கட்டளையை மேலிருந்து வாங்கி உள்ளே அனுப்புவது அதன் வேலை. ஜிடிபி என்ற மூலக்கூறு ஒட்டியிருந்தால் ஆன், அந்த ஜிடிபி ஒரு பாஸ்பேட்டை இழந்து வேறு வடிவத்துக்குப் போனால் ஆஃப். அந்தப் புரதத்தின் 12-ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே சிஸ்டைன் வந்து உட்கார்ந்துவிட்டால் அதுதான் ஜி12சி. அப்புறம் சுவிட்ச் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே நிற்கும், செல் பெருகிக்கொண்டே போகும். நுரையீரல் புற்றுநோயின் பெரும்பான்மை வகையான நான்-ஸ்மால் செல்லில் ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோயிலும் வேறு சில திடக்கட்டிகளிலும் 1 முதல் 3 சதவீதம் வரை.

ராஸ் மரபணுக்களுக்கும் மனிதப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டென்று 1982-லேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் முப்பது வருடம் அதன்மேல் ஒரு மருந்தும் ஒட்டவில்லை. புரதத்தின் மேற்பரப்பில் மருந்து போய் உட்கார வசதியான பள்ளம் எதுவும் தென்படவில்லை, ஜிடிபியோ அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. 2013-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் கெவன் ஷோகாட்டின் குழு, ஜி12சி புரதம் ஆஃப் நிலையில் இருக்கும்போது மட்டும் திறக்கும் ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்தது. அந்தப் புதிய சிஸ்டைனையே பிடிமானமாக்கி, மருந்தை அங்கே நிரந்தரமாக ஒட்டவைத்து, சுவிட்சை ஆஃபிலேயே பூட்டிவிடலாம் என்று காட்டினார்கள். நோயை உண்டாக்கிய சிஸ்டைனே மருந்துக்குக் கொக்கி. சாதாரண செல்லின் கேராஸில் அந்தச் சிஸ்டைன் கிடையாது, அதனால் மருந்து அதைத் தொடுவதில்லை. டார்கெட்டட் என்று சொல்வதன் பொருள் இதுதான். இன்றைக்குப் படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும் கண்டுபிடிப்பு இது.

எலி விஷயத்துக்கு வருகிறேன். எலிக்கும் வேறு விலங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்த பிறகுதான் எந்த மருந்தும் மனிதருக்கு வரும். முதல் மனிதருக்கு எவ்வளவு என்பதற்குப் பொதுவான கணக்கு ஒன்று இருக்கிறது. எலிகளில் பத்தில் ஒன்றுக்குக் கடுமையான நச்சு விளைவு தரும் அளவைக் கண்டுபிடிப்பார்கள். அதை உடற்பரப்பின்படி மனித அளவுக்கு மாற்றி, அதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்குவார்கள். எலியைவிட வேறொரு விலங்கு அதிகம் பாதிக்கப்படுவதாகத் தெரிந்தால் அந்த விலங்கின் கணக்கை எடுப்பார்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் மாதிரியான மருந்துகளின் ஃபேஸ் 1 சம்பளம் வாங்கிக்கொண்டு வரும் ஆரோக்கியமானவர்களிடம் நடக்கும். புற்றுநோய் மருந்தைப் பெரும்பாலும் நோய் இருப்பவர்களுக்கே கொடுக்கிறார்கள். நோயில்லாதவருக்கு இந்த ஆபத்தைக் கொடுப்பது நியாயமில்லை என்பது ஒரு காரணம். நோயுள்ளவருக்குப் பலனும் கிடைக்கலாம் என்பது இன்னொன்று.

இவ்வளவு குறைத்துத் தொடங்குவதில் ஒரு சங்கடம் உண்டு. முதலில் சேர்பவர்கள் பத்திரமாக இருப்பார்கள். ஆனால் அந்த அளவு கட்டியை ஒன்றும் செய்யாமலே போகலாம். பிறகு சேர்பவர்களுக்கு அளவு கூடும், பலனுக்கான வாய்ப்பும் கூடும், பக்கவிளைவும் கூடும். அதனால் 'ஃபேஸ் 1-ல் சேரலாம்' என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான் கிடைத்திருக்கிறது. எந்தப் படியில் என்று கேட்க வேண்டும்.

படியேறும் பழைய முறையை 'மூன்று கூட்டல் மூன்று' என்பார்கள். மூன்று பேருக்கு ஓர் அளவு கொடுத்து, பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு வாரம் கவனிப்பார்கள். மூவருக்கும் கடுமையான பக்கவிளைவு இல்லையென்றால் அடுத்த படி. ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூவர். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் நிறுத்திவிட்டு, கீழ்ப்படியை 'தாங்கக்கூடிய உச்ச அளவு' என்று குறித்துக்கொள்வார்கள். இன்று கணினிக் கணிப்பின்படி நகரும் வேறு முறைகள் அதிகம் வந்துவிட்டன. அடிப்படை எண்ணம் மட்டும் மாறவில்லை: உடம்பு தாங்கும் மட்டும் ஏறு. கீமோ காலத்தில் பிறந்த எண்ணம் அது. செல்லைக் கொல்லும் மருந்து என்றால் எவ்வளவு அதிகமோ அவ்வளவு கட்டி சாகும், தடுப்பது நச்சு மட்டுமே என்ற கணக்கு அங்கே ஓரளவுக்குச் சரி.

டார்கெட்டட் மாத்திரைக்கு இந்தக் கணக்கு பொருந்துவதில்லை. கட்டியில் இருக்கும் கேராஸ் எல்லாவற்றிலும் மருந்து ஒட்டியாகிவிட்டால் அதற்கு மேல் கொடுப்பது நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். மிச்சம் வழிந்து வயிற்றுக்கும் கல்லீரலுக்கும் போகும்.

சோட்டோராசிப்பில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஆம்ஜென் நிறுவனம் 2018 ஆகஸ்டில் ஃபேஸ் 1-ஐத் தொடங்கியது. ஜி12சி மாற்றம் உறுதியானவர்களை மட்டுமே சேர்த்தார்கள். கட்டி எந்த உறுப்பில் என்பதைவிட எந்த மாற்றம் என்பதே நுழைவுச் சீட்டு. தினமும் ஒரு வேளை 180 மி.கி., பிறகு 360, 720, 960 என்று ஏறினார்கள். எந்தப் படியிலும் அளவை நிறுத்தும்படியான நச்சு தென்படவில்லை. சரி, எதுவும் தடுக்கவில்லை என்பதால் மேல்படியான 960-ஐயே எடுத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். அதாவது 120 மி.கி. மாத்திரை எட்டு, தினமும்.

இதே சோதனையின் ரத்த அளவுகள் வேறொரு சேதி சொல்லின. 180 மி.கி. சாப்பிட்டவரின் உடம்பிலும் 960 சாப்பிட்டவரின் உடம்பிலும், சில நாட்கள் தொடர்ந்து சாப்பிட்ட பிறகு, மருந்து ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. ஐந்து மடங்குக்கும் மேல் விழுங்கினாலும் உறிஞ்சப்படுவது அந்த விகிதத்தில் கூடவில்லை. மருந்தின் அதிகாரப்பூர்வக் குறிப்பிலேயே இது அச்சாகியிருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 மே 28-ல், ஆரம்பத் தரவை வைத்துத் தரும் விரைவு அனுமதியைக் கொடுத்தபோதே, 960-ஐயும் 240-ஐயும் ஒப்பிட்டுக் காட்டுங்கள் என்று நிபந்தனை போட்டது. அந்த ஒப்பீட்டில் கட்டி சுருங்கியவர்கள் 960-ல் 32.7 சதவீதம், 240-ல் 24.8 சதவீதம். நோய் வளராமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு 5.4 மாதமும் 5.6 மாதமும். பலன் விகிதத்தில் 960 கொஞ்சம் மேலே நிற்கிறது, காலத்தில் இரண்டும் ஒன்றுதான், வயிற்றுப்போக்கு மாதிரியான தொல்லை 960-ல் அதிகம். எஃப்டிஏ 960-ஐ மாற்றவில்லை. என் கருத்து என்னவென்றால், இந்த ஒப்பீட்டை ஃபேஸ் 1 முடிந்த கையோடு செய்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் எட்டு மாத்திரை விழுங்கத் தொடங்கிய பிறகு கேட்கிற கேள்வி இல்லை இது.

சோட்டோராசிப் மட்டும் இப்படியில்லை. ஏஎல்கே என்ற வேறொரு மரபணுவில் மாற்றமுள்ள நுரையீரல் புற்றுநோய்க்கான செரிட்டினிப் 2014-ல் வெறும் வயிற்றில் 750 மி.கி. என்று வந்தது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் நோயாளிகளை வாட்டி எடுத்தன. சாப்பாட்டோடு 450 மி.கி. போதும் என்று குறிப்பு மாறியது 2017 டிசம்பரில். இதற்கெல்லாம் முன்பே, ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப்பில் வேறு வழியில் முடிவெடுத்திருந்தார்கள். 1998-ல் தொடங்கிய அந்த ஃபேஸ் 1-ல் 25 முதல் 1000 மி.கி. வரை போனார்கள், உச்ச அளவு தட்டுப்படவேயில்லை. ஆனால் 300-லிருந்தே ஏறக்குறைய எல்லோருக்கும் பலன் தெரிந்தது, 400-ஐ எடுத்துக்கொண்டார்கள். அந்த நிதானம் ஏன் பிறகு வந்த மருந்துகளில் காணாமல் போனது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். போட்டி ஒரு காரணம். யார் முதலில் அனுமதி வாங்குவது என்ற ஓட்டத்தில் அளவைத் தேடி ஒரு வருடம் செலவழிக்க எந்த நிறுவனமும் விரும்பாது. 2021-ல் எஃப்டிஏ 'ப்ராஜெக்ட் ஆப்டிமஸ்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்து, குறைந்தது இரண்டு அளவுகளையாவது ஒப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று நிறுவனங்களை நெருக்கத் தொடங்கியது. இப்போது தொடங்கும் ஃபேஸ் 1 சோதனைகளில் இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்க முடிகிறது. உங்கள் அப்பாவுக்குச் சொல்லப்படும் சோதனையிலும் இருக்கலாம், கேளுங்கள்.

இனி பலன். நீங்கள் இணையத்தில் தேடும்போது கண்ணில் படப்போவது சதவீதங்கள்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2019 செப்டம்பரில் பார்சிலோனா மாநாட்டில் வந்த கணக்கில், 960 மி.கி. சாப்பிட்ட 13 நுரையீரல் நோயாளிகளில் 7 பேருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. 54 சதவீதம் என்று தலைப்புச் செய்தி. ஒரு வருடம் கழித்து ஃபேஸ் 1 முழு அறிக்கை வந்தது. மொத்தம் 129 பேர், அதில் நுரையீரல் 59, பெருங்குடல் 42, மற்ற கட்டிகள் 28. நுரையீரலில் பலன் 32.2 சதவீதம். அடுத்து ஃபேஸ் 2-ல் 37.1. கடைசியாக, டோசிடாக்ஸல் என்ற பழைய கீமோவோடு நேருக்கு நேர் நிறுத்திய ஃபேஸ் 3-ல் 28.1, கீமோவுக்கு 13.2. நோய் வளராத காலம் 5.6 மாதத்துக்கு எதிராக 4.5 மாதம். ஆயுள் நீண்டதா என்று பார்த்தால் இரண்டு பக்கமும் வித்தியாசமில்லை, 10.6 மாதமும் 11.3 மாதமும். அந்த ஃபேஸ் 3 நடந்த விதத்திலும் குறை கண்டதால் 2023 டிசம்பரில் எஃப்டிஏ முழு அனுமதி கொடுக்க மறுத்து, இன்னொரு சோதனை கேட்டது. மருந்து சந்தையில் தொடர்கிறது, விரைவு அனுமதியின் பேரில்.

ஆரம்பத்து 13 பேர் கணக்கில் யாரும் பொய் சொல்லவில்லை. சின்ன எண்ணிக்கை அப்படித்தான் ஆடும். தவிர, ஃபேஸ் 1-ல் முதலில் வருபவர்கள் பெரிய மருத்துவமனைக்கு வாராவாரம் வந்து போகும் தெம்புள்ளவர்கள். ஆகவே ஒரு ஃபேஸ் 1 சதவீதத்தைப் பார்த்தால் முதலில் எத்தனை பேரில் என்று பாருங்கள்.

இன்னொன்று, 'நோய்க் கட்டுப்பாடு 88 சதவீதம்' என்று எழுதியிருப்பார்கள். சோட்டோராசிப் ஃபேஸ் 1-ல் வந்த எண் அது. அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கேனில் அதிகபட்சம் 5 கட்டிகளை, ஓர் உறுப்பில் 2-க்கு மேல் போகாமல் தேர்ந்தெடுத்து, அவற்றின் நீளங்களைக் கூட்டி வைத்துக்கொள்வார்கள். கூட்டுத்தொகை 100 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அது 70-க்கு வந்தால்தான் 'பலன்'. 72-ல் நின்றால் 'நிலையாக இருக்கிறது' என்று எழுதுவார்கள். 100-லேயே நின்றாலும் 110-க்குப் போனாலும் அதே பெயர்தான். இவை எல்லாம் சேர்ந்ததுதான் 'கட்டுப்பாடு'. மெதுவாக வளரும் கட்டி, மருந்து எதுவும் செய்யாவிட்டாலும் முதல் ஸ்கேனில் நிலையாகத் தெரியும். அதனால் கட்டுப்பாட்டு எண்ணைவிடப் பலன் எண்ணையும், அந்தப் பலன் எத்தனை மாதம் நின்றது என்பதையும் பாருங்கள்.

அதே 129 பேரில் பெருங்குடல் நோயாளிகள் 42 பேருக்குப் பலன் வெறும் 7.1 சதவீதம். அதே மாற்றம், அதே மாத்திரை, ஆனால் உறுப்பு மாறியதும் பலன் சரிந்துவிட்டது. பெருங்குடல் செல்லில் கேராஸை அடைத்தால் இஜிஎஃப்ஆர் என்ற மேல்வாசல் வழியாகக் கட்டளை மறுபடி பெருகி வருகிறது. அந்த வாசலையும் சேர்த்து அடைத்தால் என்ன என்று பானிட்டுமுமாப் என்ற ஆன்டிபாடியோடு கொடுத்துப் பார்த்தார்கள், 2025 ஜனவரியில் அந்த இணைக்கு அனுமதி கிடைத்தது. திடக்கட்டிகளை எல்லாம் ஒரே ஃபேஸ் 1 கூடைக்குள் போட்டுப் பார்ப்பதன் அருமை இதில்தான் இருக்கிறது. தோல்வி எங்கே என்று சீக்கிரம் தெரிந்தால் அடுத்த கேள்வி சீக்கிரம் பிறக்கிறது.

முதல் கட்டச் சோதனையே ஒருவரின் வாழ்க்கையை மாற்றியதும் உண்டு. கிரிசோட்டினிப் 2006-ல் வேறொரு புரதத்தைக் குறிவைத்து ஃபேஸ் 1-க்குள் வந்தது. 2007-ல் ஜப்பானில் ஹிரோயுகி மானோ குழு, நுரையீரல் புற்றுநோயில் ஏஎல்கே மரபணு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடித்தது. இந்த மருந்து ஏஎல்கேயையும் அடக்கும் என்பது தெரிந்திருந்ததால், ஓடிக்கொண்டிருந்த சோதனையின் வாசலை மாற்றினார்கள். சுமார் 1,500 பேரின் கட்டிகளைப் பரிசோதித்து, ஏஎல்கே உள்ள 82 பேரைச் சேர்த்தார்கள். 57 சதவீதம் பேருக்குப் பலன். 2011 ஆகஸ்டில் அனுமதி. கண்டுபிடித்து நான்கே வருடம்.

உங்கள் அப்பாவின் மாற்றத்துக்கும் சோட்டோராசிப்போடு கதை முடியவில்லை. அடாக்ராசிப் என்ற இன்னொரு ஜி12சி மாத்திரை 2022 டிசம்பரில் வந்தது. டிவாராசிப் என்பதன் ஃபேஸ் 1 முடிவு 2023-ல் வெளியானது: 137 பேர், 50 முதல் 400 மி.கி. வரை, நுரையீரலில் 53.4 சதவீதம் பலன், நோய் வளராத காலம் 13.1 மாதம். சோட்டோராசிப்பின் ஃபேஸ் 1-ல் அதே காலம் 6.3 மாதம். நான் மேலே சொன்ன எச்சரிக்கை இந்த எண்களுக்கும் உண்டு, இரண்டும் தனித்தனிச் சோதனைகள். ஆனாலும் இரண்டாம் தலைமுறை மருந்துகள் மேம்பட்டிருக்கின்றன என்று நினைக்க நியாயம் இருக்கிறது.

இதனால் உங்கள் முதல் கேள்வி டாக்டரிடம் இதுவாக இருக்கட்டும்: அனுமதி பெற்ற ஜி12சி மாத்திரை அப்பாவுக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்றா? கொடுக்கவில்லை என்றால், அதற்கு முன் சோதனை மருந்து ஏன்? நல்ல பதில் இருக்கலாம். அந்தச் சோதனை, ஜி12சி மாத்திரை இதுவரை சாப்பிடாதவர்களை மட்டும் சேர்ப்பதாக இருக்கலாம். அப்படியானால் எது முதலில் என்ற வரிசையே முக்கியமான முடிவு. ஒன்றைச் சாப்பிட்ட பிறகு இன்னொன்றின் கதவு மூடிவிடும்.

ஆபத்து எவ்வளவு? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஃபேஸ் 1 சோதனைகளில் 2000 முதல் 2019 வரை சேர்ந்த 13,847 பேரைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2022-ல் வந்தது. மருந்தாலேயே இறந்தவர்கள் 0.7 சதவீதம். பலன் கிடைத்தவர்கள் 2000–2005 காலத்தில் 9.6 சதவீதம், 2013–2019 காலத்தில் 18. சோட்டோராசிப் ஃபேஸ் 1-ல் மருந்து சார்ந்த கடுமையான பக்கவிளைவு 11.6 சதவீதம் பேருக்கு வந்தது. கடுமை என்றால் என்ன என்பதற்கும் அளவுகோல் உண்டு. வழக்கத்தைவிட நாளைக்கு நான்குக்கும் குறைவாக வயிற்றுப்போக்கு கூடினால் முதல் கிரேடு, ஏழோ அதற்கு மேலோ என்றால் மூன்றாம் கிரேடு. இந்த மருந்தில் கல்லீரல் என்சைம் ஏறுவதையும் கவனிக்க வேண்டும், அதுவும் இம்யூனோதெரபி முடித்துச் சில வாரங்களிலேயே தொடங்கியவர்களிடம் அதிகம் தெரிந்திருக்கிறது. உங்கள் அப்பா இம்யூனோதெரபி எடுத்தவர் என்பதால், கடைசி டோஸ் எந்தத் தேதி, எத்தனை வாரம் இடைவெளி விடுவார்கள் என்று கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லாத பாடு ஒன்று இருக்கிறது, அது நேரம். முதல் நாள் மாத்திரை போட்டதும் அனுப்பிவிட மாட்டார்கள். மாத்திரைக்கு முன் ஒரு ரத்தம், பிறகு அரை மணியில், ஒரு மணியில், இரண்டில், நான்கில் என்று மாலை வரை எடுப்பார்கள், மறுநாள் காலை இன்னொன்று. குழாய்க்குள் போகும் ஒவ்வொரு துளிக்கும் கடிகார நேரம் எழுதுவார்கள். 180-ம் 960-ம் ஒன்று என்று காட்டியது இந்த ரத்தக் குழாய்கள்தான். நடுவில் ஈசிஜி பலமுறை. சில சோதனைகளில் மருந்து கட்டிக்குள் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க மறுபடி பயாப்ஸி கேட்பார்கள், அது கட்டாயமா விருப்பமா என்பது சம்மதப் படிவத்தில் இருக்கும். ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன். தம்பி வேலைக்குப் போகிறவர் என்றால், யார் கூட்டிப் போவது என்று முதலிலேயே பேசி வையுங்கள்.

நம் வீடுகளுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். அப்பா காலையில் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல் போடுகிறாரா? சோட்டோராசிப் கரைய வயிற்று அமிலம் வேண்டும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அதன் உறிஞ்சலைப் பெரிதாகக் குறைத்துவிடும். புது மாத்திரைக்கும் இப்படி ஏதாவது இருக்கக்கூடும். அதேபோல் ஊரிலிருந்து யாராவது கொடுத்தனுப்பிய கஷாயம், லேகியம், சூரணம் எதுவானாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கல்லீரல் என்சைம் ஏறினால் அது மாத்திரையாலா, கஷாயத்தாலா என்று பிரிக்கத் தெரியாமல் சோதனையிலிருந்தே விலக்கிவிடுவார்கள். டாக்டர் திட்டுவார் என்று பயந்து பெரியவர்கள் இதைச் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

செலவைப் பொறுத்தவரை சோதனை மருந்துக்கும் சோதனைக்காக மட்டும் செய்யும் பரிசோதனைகளுக்கும் பொதுவாக நடத்தும் நிறுவனமே கொடுக்கும். வழக்கமான ஸ்கேன், டாக்டர் பார்ப்பது போன்றவை இன்ஷூரன்ஸ் தலையில் விழும். அப்பா அங்கே எந்த இன்ஷூரன்ஸில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து இது பெரிய தொகையாகவும் ஆகலாம். எது யார் செலவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

இதே கேள்வியோடு தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு: வெளிநாட்டில் கண்டுபிடித்த மருந்தை உலகத்திலேயே முதன்முதலாக இந்தியாவில் கொடுத்துப் பார்க்க 2019-ஆம் ஆண்டு விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை, வெளியே நடந்த ஃபேஸ் 1 தரவைக் காட்டியாக வேண்டும். இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு மருந்துச் சோதனையும் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் சட்டப்படி உண்டு. பதிவு எண் கேட்டால் தயங்குகிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சேர்ந்தபின் பிடிக்கவில்லை என்றால் எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் வெளியே வரலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது. அப்பாவிடம் இதைத் தமிழில், அவருக்குப் புரியும்படி, நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். இருபது முப்பது பக்க ஆங்கிலப் படிவத்தைத் தம்பி படித்துத் தலையாட்டுவது அப்பாவின் சம்மதம் ஆகாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று மருத்துவமனையிடம் கேட்கலாம், கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். 'இது முதல்கட்டம், நோய் குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை, கட்டி சுருங்க ஒரு வாய்ப்பு இருக்கிறது' என்பதைக் கேட்டபிறகும் அவர் சரி என்றால் சரி. வாராவாரம் ஊசிக்குத்தும் பயணமும் வேண்டாம், பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன் என்றால் அதுவும் முழு மரியாதைக்குரிய முடிவுதான். வலி, மூச்சுத்திணறலைக் கவனிக்கும் பாலியேட்டிவ் மருத்துவரை இரண்டு வழியிலும் இப்போதே பார்க்கத் தொடங்குங்கள், சோதனையில் இருப்பது அதற்குத் தடையில்லை.

மருந்தின் பெயரோ குறியீடோ, அப்பா சேரப்போவது அளவை ஏற்றும் பகுதியிலா, அளவு முடிவான பிறகு ஆட்களைக் கூட்டும் பகுதியிலா, எத்தனை மி.கி. என்ற மூன்றையும் கேட்டு எழுதுங்கள். அந்த மருந்துக்கு வெளியான தரவு இருந்தால் எடுத்து, எத்தனை பேரில் எத்தனை பேர், எத்தனை மாதம் என்று சேர்ந்து பார்க்கலாம்.